கைகாட்டி நின்ற ஞாயிறு

லிஃப்ட்காரர் என்றதும், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்துப் பேசியவர்களிடம் அவர் அதற்குப் பிறகு முகம் கொடுத்ததே கிடையாது. அவர் லிஃப்டைப் பழுது பார்க்கிறவர். ஆஸ்பத்திரி, துணிக்கடை, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று நகரத்தில் எங்கே லிஃப்ட் பாதியில் நின்றாலும் கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக, "பதறாதீங்க, நான் வந்துட்டேன்" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் அழுகிற குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும் என்று அவர் மனைவி சொல்வாள். மனைவி சொல்வது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் முழுப் பொய் இல்லை.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் கூண்டின் தலைமேல் ஏறி நின்று இரும்புக் கயிறுகளைத் துடைத்துப் பார்ப்பார். இன்னொருவர் மொட்டை மாடி மோட்டார் அறையில் விசையருகே நிற்பார். கூண்டின் மேல் இருப்பவர் வாய் திறந்து "சரி" என்று சொல்லும்வரை விசைக்காரர் விரலை அசைக்கக் கூடாது. பசியோ, அவசரமோ, கட்டடத்துக்காரர் கத்துகிறாரோ, எதுவானாலும் சரி. மீறினால் ஆளைக் கூட்டி அள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சட்டத்தோடேயே தலை நரைத்தவருக்கு, இன்னொருவர் குரலை நம்பி நிற்பது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. நல்ல பழக்கம்தான். நல்ல பழக்கம் உள்ளவனை ஏமாற்றுவதுதான் உலகத்திலேயே சுலபமான வேலை என்பது வேறு விஷயம்.

வாரம் முழுக்க கிரீஸ் வாசனையும் இருட்டுமாகக் கிடக்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உயிர். அன்று விடிகிற நேரத்தில் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடுவார். பெட்ரோல் பங்க் வாசலில் அதே மஞ்சள் பனியனில் மற்றவர்களும் சேர்வார்கள். நகரத்தின் கடைசி கார் ஷெட்டைத் தாண்டினால் சாலை மேடும் பள்ளமுமாகக் குன்றுகளுக்குள் நுழைந்துவிடும். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மேலே உள்ள சாப்பாட்டுக் கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டு மத்தியானத்துக்குத் திரும்புவார்கள். அந்த சைக்கிள் கிளப்பைத் தொடங்கியவரும் தலைவரும் லிஃப்ட்காரர்தான். தலைவர் என்பதால் பறப்பார் என்று எண்ண வேண்டாம். வயிறு முன்னால் போகும், முட்டி பின்னால் இழுக்கும். ஏற்றத்தில் அவரை ஆடுகள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும்.

அவருக்குப் பிள்ளை இல்லை. மனைவியின் தம்பிதான் பிள்ளை. "உங்க அக்கா கல்யாணமாகி வரும்போது ரெண்டே ரெண்டு சாமான்தான் கொண்டு வந்தா. ஒண்ணு தகரப் பெட்டி, இன்னொண்ணு நீ" என்று அவனைக் கிண்டல் செய்வார். அந்தத் தகரப் பெட்டி துருப்பிடித்துப் போய்விட்டது. தம்பி வளர்ந்து, தாடி வைத்து, டைல்ஸ் கடை போட்டு, நாலு பேர் மதிக்கிற ஆளாகிவிட்டான். கிளப்பில் அவன் பெயரே டைல்ஸ்தான்.

கிளப் தொடங்கிய வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டைல்ஸ் எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தவன், ஒரு பிரிவில் வழி தவறி, சைக்கிளோடு ஓடைப் பள்ளத்தில் விழுந்துவிட்டான். முன்னால் போனவர்கள் யாருக்கும் தெரியாது. பொழுது சாயும் நேரத்தில் லிஃப்ட்காரர்தான் அவனைக் கண்டுபிடித்து, தோள் எலும்பு முறிந்தவனை முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வாரமே தன் தொழில் சட்டத்தைக் கிளப்புக்கும் கொண்டுவந்துவிட்டார்.

சட்டம் இதுதான். கூட்டத்தின் கடைசியில் ஒருவர் வருவார். அவர் சைக்கிளில் சிவப்புக் கொடி கட்டியிருக்கும். அவருக்கு வால் என்று பெயர். எங்கே பாதை பிரிந்தாலும், முதலில் போகிறவருக்கு அடுத்தபடி வருபவர் அங்கே இறங்கி நின்று, சரியான பாதையைக் கையால் காட்ட வேண்டும். அவருக்குப் பெயர் கைகாட்டி. வால் வந்து "நான்தான் கடைசி" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை கைகாட்டி அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. பின்னால் என்ன ஆயிற்று என்று தேடிக்கொண்டும் போகக் கூடாது. போனால் காணாமல் போனவர் ஒருவர் என்பது இருவராகிவிடும் என்பார் லிஃப்ட்காரர். அதற்குப் பிறகு அந்தக் குன்றுகளில் ஒருவரும் தொலைந்ததில்லை. "இன்னிக்கு யாருப்பா வாலு?" என்ற கேலியோடுதான் ஒவ்வொரு ஞாயிறும் தொடங்கும்.

அவருக்கு ஈடுகொடுத்து மெதுவாகப் போகிற இன்னொருவர் உண்டென்றால் அது மருந்துக்கடை அக்காதான். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே வருவார். கைகாட்டிகள் கொட்டாவி விட்டபடி அவருக்காக நிற்பார்கள். "உங்க சட்டம் மட்டும் இல்லேன்னா என்னையெல்லாம் யாரு சேத்துப்பாங்க?" என்று லிஃப்ட்காரரிடம் சொல்வார். அவருக்கு அது பெரிய விருது கிடைத்த மாதிரி.

காலம் அப்படியே இருந்துவிடுமா? கிளப்பில் புது ஆட்கள் சேர்ந்தார்கள். பேங்க் என்று ஒருவர் வந்தார். பேங்கில் வேலை, ஒல்லி உடம்பு, கையில் நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம். ஒவ்வொரு பிரிவிலும் நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு எரிச்சல். "நாடி இறங்கிடுது சார்" என்பார். நாடி இறங்கினால் நல்லதுதானே என்று லிஃப்ட்காரர் கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள், பேங்க் மட்டும் சிரிக்கவில்லை. போகப்போக அவர் பக்கம் ஆள் சேர்ந்தது. ஆளுக்கொரு போன் இருக்கிறது, அதில் வரைபடம் இருக்கிறது, எதற்கு இந்தக் கைகாட்டி என்று முணுமுணுத்தார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை, மேட்டுச் சாப்பாட்டுக் கடையில், அடுத்த வருஷத் தலைவர் யார் என்று கை தூக்கிச் சொல்வது வழக்கம். சாப்பாடு வருவதற்குள் முடிந்துவிடுகிற காரியம். அன்று அங்கே இல்லாதவர் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்பதும் லிஃப்ட்காரர் போட்ட விதிதான். வராதவன் தலையில் வேலையைக் கட்டக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில் போட்டது. அந்த ஞாயிறு நெருங்க நெருங்க, யார் யார் கை தூக்குவார்கள் என்று அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பதவி போனால் போகட்டும், மாலையா போட்டார்கள்? சட்டம் போய்விடுமே என்பதுதான் அவர் கவலை. சட்டம் போனால் மருந்துக்கடை அக்கா போவார். அப்புறம் தானும்தான் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

"நான் இருக்கேன்ல மாமா" என்றான் டைல்ஸ், முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து. "நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் பேசிட்டேன். நீங்க நிம்மதியா தூங்குங்க. நாளைக்கு நானே வாலு."

"நீ இருக்கும்போது எனக்கென்ன மாப்ளே" என்றார் அவர். அப்படியே தூங்கவும் செய்தார்.

மறுநாள் குழாயடியில் எல்லாரும் தண்ணீர் பிடித்தார்கள். அது முதல் ஏற்றத்தின் முடிவில் இருக்கிறது. அங்கிருந்து கல்குவாரிப் பாதை ஒன்று வலப்பக்கம் பிரிந்து குறுக்காக மேலே போகும். ஆனால் கிளப் எப்போதும் நேர்ச் சாலையில்தான் போகும். பேங்க் தன் இரண்டு சிநேகிதர்களோடு கிளம்பத் தயாரானார். "சார், நீங்களும் எங்க கூட முன்னாடி வாங்க. தலைவர் முன்னாடி வந்தாத்தான் அழகு" என்றார். இத்தனை மரியாதை பேங்கிடமிருந்து வந்ததில் லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உச்சி குளிர்ந்தவனுக்குக் கண் தெரியாது. மூச்சிரைக்க அவர்கள் கூடவே போனார். அவருக்காகவே அவர்கள் மெதுவாக மிதித்தார்கள் என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அடுத்த பிரிவு ஒரு பொட்டல். இடது சாலை மேலே ஏறும், வலது சாலை இறங்கி நகரத்துக்குத் திரும்பும். ஒரு மைல்கல்லும் கொஞ்சம் முள்ளும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது.

"கைகாட்டி நீங்கதான் சார்" என்றார் பேங்க்.

"நான்தானே அடுத்தது, நிக்கிறேன். நீங்க போங்க."

மூவரும் வளைவில் மறைந்தார்கள். அவர் சைக்கிளை மைல்கல்லில் சாய்த்துவிட்டு, சாலையின் நடுவில் வந்து நின்று, இடது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். இன்னும் கொஞ்சத்தில் முதல் ஆள் தெரியும்.

தெரியவில்லை. தண்ணீர் பிடிக்க நேரமாகியிருக்கும். பிறகு, யாருக்காவது பஞ்சராகியிருக்கும். பிறகு, மருந்துக்கடை அக்காவின் சங்கிலி கழன்றிருக்கும், அது வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள்? போனை எடுத்துப் பார்த்தார். அந்தப் பொட்டலில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வெயில் ஏறியது. பனியன் முதுகோடு ஒட்டியது. பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தது.

கீழேயிருந்து ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டுகிறவர் நிறுத்தினார். "என்னங்க, வழி தவறிட்டீங்களா?"

"இல்லைங்க. வழி காட்டிட்டு நிக்கிறேன்."

டிராக்டர்காரர் காலிச் சாலையை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்கு?"

"எங்க ஆளுங்க பின்னாடி வர்றாங்க. நீங்க வர்ற வழியில பாக்கலியா, மஞ்சள் சட்டை?"

"ஒரு ஈ காக்கா இல்லீங்களே."

டிராக்டர் இடது சாலையில் ஏறிப் போனது. ஈ காக்கா இல்லை என்ற சொல் அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ரோட்டில் இல்லை என்றால் பள்ளத்தில். பழைய ஓடைப் பள்ளம் கண்ணில் வந்தது. வால் என்றால் கடைசி ஆள், கடைசி ஆள் விழுந்தால் பார்க்க யாரும் இல்லை. கீழே ஓடிப் போய்ப் பார்க்கக் கால் துடித்தது. இரண்டு முறை சைக்கிளைக் கையில் பிடித்தும்விட்டார். ஆனால் தான் இறங்கிய நேரத்தில் அவர்கள் குறுக்கே எப்படியாவது வந்து, கைகாட்டி இல்லாமல் வலது பக்கம் திரும்பிவிட்டால்? சைக்கிளை மறுபடி சாய்த்தார். இலவு காத்த கிளியாவது நிழலில் உட்கார்ந்து காத்தது.

நிழல் அவர் காலடிக்குள் ஒடுங்கிய பிறகு அதே டிராக்டர் மேலேயிருந்து திரும்பி வந்தது. அவரைப் பார்த்ததும் ஓட்டுகிறவர் தலையில் கை வைத்தார்.

"இன்னுமா நிக்கிறீங்க? உங்க ஆளுங்க மேல ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு இருக்காங்களே!"

"அது வேற கிளப்பா இருக்கும்."

"இதே மஞ்சள் சட்டைங்க. எல்லாரும் கை தூக்குனாங்க, அப்புறம் கை தட்டுனாங்க. தாடி வெச்ச ஒருத்தருக்குத் தோள்ல துண்டு போட்டு விட்டாங்க. அவரு சைக்கிள்ல ஒரு செவப்புக் கொடிகூட கட்டியிருந்துச்சு."

லிஃப்ட்காரர் முதலில் உணர்ந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், சந்தோஷம். மாப்பிள்ளை விழவில்லை. உயிரோடு இருக்கிறான், சாப்பிடுகிறான். அந்தச் சந்தோஷம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் இருந்தது. பிறகு அந்தச் சிவப்புக் கொடி எந்த வழியாக மேலே போயிருக்கும் என்பது புரிந்தது. குழாயடியிலிருந்து கல்குவாரிப் பாதை. மொத்தக் கூட்டத்தையும் அந்தப் பக்கம் திருப்பிவிட வாலால்தான் முடியும். டிராக்டர்காரர் நீட்டிய தண்ணீரை வாங்கினார். குடிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

மேலே ஏறினார். எப்படி ஏறினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடைக்குள் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்தார். மருந்துக்கடை அக்காதான் முதலில் எழுந்தார்.

"நீங்க முட்டி வலின்னு வீட்டுக்குத் திரும்பிட்டதா சொன்னாங்களே! தலைவர் வேலை வேண்டாம், தம்பியே பாத்துக்கட்டும்னு நீங்களே சொல்லிவிட்டதா..." என்றவர், டைல்ஸைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். "நானும் கை தூக்கிட்டேனே" என்றார்.

"என்னென்ன முடிவு பண்ணீங்க?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

பேங்க் தொண்டையைச் செருமினார். "டைல்ஸ்தான் தலைவர். இனிமே கைகாட்டி, வாலு எதுவும் வேண்டாம்னு முடிவாச்சு. அவங்கவங்க வேகத்துல அவங்கவங்க போகலாம். ஏகமனதா, சார்."

"ஏகமனசு" என்று சொல்லிப் பார்த்தார் லிஃப்ட்காரர். பிறகு மைத்துனன் முன்னால் போய் நின்றார். தோளில் புதுத் துண்டு. அந்தத் தோளைத்தான் அவர் அன்று சுமந்தார். கூடவே இருந்து குழி பறிப்பது என்று ஆயிரம் பேர் சொல்லக் கேட்டிருக்கிறார். அந்தக் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்க்கிறபோதுதான் அதன் ஆழம் தெரிகிறது.

"ஏன் மாப்ளே?"

"நீங்க இருந்தா ஒருத்தனும் கை தூக்க மாட்டான் மாமா. உங்க மூஞ்சப் பாத்தா யாருக்கும் வாய் வராது. கிளப்பே ரெண்டா உடையற மாதிரி இருந்துச்சு. யாராவது ஒருத்தர் செய்யணும்ல?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே துண்டப் போட்டு விட்டிருப்பேனே."

டைல்ஸ் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தான்.

"நான் பாதியில எறங்கித் தேடி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"வர மாட்டீங்கன்னு தெரியும்" என்றான் டைல்ஸ், தலையைக் குனிந்துகொண்டே. "நான் வர்ற வரைக்கும் நீங்க அசைய மாட்டீங்க மாமா. அது எனக்குத் தெரியும்."

இத்தனை வருஷம் அவர் பெருமையாக நினைத்திருந்த குணத்தைப் பிடித்து இழுத்தே அவரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். மருந்துக்கடை அக்கா என்னவோ சொல்லிக்கொண்டு பின்னால் வந்தார். அவர் நிற்கவில்லை. சைக்கிளில் ஏறி இறக்கத்தில் விட்டார். வழியில் எத்தனையோ பிரிவுகள் வந்தன, எதிலும் யாரும் நிற்கவில்லை.

வீடு வரும்வரை ஒரே ஒரு எண்ணம்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. இவளிடம் சொல்ல வேண்டும். தம்பி என்று பார்க்காமல் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். நியாயம் என்று வந்தால் அவள் யார் பக்கமும் சாய மாட்டாள். சொல்லி முடித்துவிட்டு, வெட்கப்படாமல் அவள் எதிரில் அழவும் செய்யலாம். இந்த உலகத்தில் அதற்கு ஒரு இடமாவது இருக்கிறதே.

கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்ததும் பதறிவிட்டாள். முகம் கருகியிருந்தது, மூக்கு நுனி உரிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"ஐயோ, இதென்னங்க இப்படி ஆயிட்டீங்க? நெழல் இருக்கிற எடமாப் பாத்து நிறுத்துடான்னு அவன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

அவர் வாசலிலேயே நின்றார். சொன்னது என்ன என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எப்படியும் உங்களத் தூக்கத்தான் போறாங்கன்னு அவன் வந்து சொன்னான். அந்த பேங்க்காரன் அத்தனை பேர் முன்னாடி உங்கள எடுத்தெறிஞ்சு பேசறதுக்கு இருந்தானாம். நீங்க அங்க உக்காந்து அதக் கேக்கணுமா? அதான் நான்... எங்கயாவது தள்ளி நிறுத்திட்டு முடிச்சிருங்கடான்னு நான்தான் சொன்னேன். கைகாட்டின்னா நின்னுடுவீங்கன்னு. உங்க நல்லதுக்குத்தாங்க."

அப்படியென்றால் யோசனை அவனுடையதுகூட இல்லை. இவளுடையது. முந்தின நாள் சாயங்காலம் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தபோது, மூவரில் இருவருக்கு மறுநாள் நடக்கப்போவது தெரிந்திருந்தது. மைத்துனன் மேல் வந்த கோபத்தைக் காட்ட அவருக்கு ஒரு வீடு இருந்தது. இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் ஷூவைக் கழற்றக் குனிந்தார். முட்டி மடங்கவில்லை. அவள் உதவி செய்யக் கீழே உட்கார்ந்தாள். அவர் காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க" என்றாள்.

"அவன் விழுந்துட்டான்னு நினைச்சேன்" என்றார் அவர். "அவ்வளவு நேரமும் அங்க நின்னுக்கிட்டு என்ன யோசிச்சேன் தெரியுமா? அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா உன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன், உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்னு. அது ஒண்ணுதான்."

அவள் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். அவர் சைக்கிளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, முகம் கழுவப் போனார்.